படைப் பயிற்சியும் நிறப் பார்வையும்



புனே நகரின் கிர்க்கிப் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்த தந்தை, தொழிற்சாலை ஒன்றில் ஊழியர். மைந்தன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அதே புனேயின் புறத்தே, கடக்வாஸ்லா ஏரிக்கரையில் உள்ள தேசியப் பாதுகாப்பு அக்காடமியில் சேர்ந்து படை அதிகாரியாக வேண்டும் என்பது அவனது பேராவல். ஈராண்டுகள் அயராது உழைக்கிறான். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எழுத்துத் தேர்வில் வெற்றி பெறுகிறான். போபாலுக்குச் சென்று, ஐந்து நாட்கள் நடைபெறும் தேர்வுக் குழுச் சோதனையிலும் தேறிவிடுகிறான். வீட்டில் பாயசம் வைத்தாகிவிட்டது.

பிறகு மருத்துவப் பரிசோதனை வருகிறது. பல நிறப் புள்ளிகள் நிறைந்த ஓர் ஏட்டை அவன்முன் விரிக்கிறார் மருத்துவர். "இதில் என்ன எண் தெரிகிறது?" என்று கேட்கிறார். "எண் ஒன்றும் தெரியவில்லையே, ஐயா!" என்கிறான் பையன். ஈராண்டு உழைப்பும் அந்த ஒரு விடையில் ஆட்டங் கண்டுவிடுகிறது.

இக்குடும்பம் கற்பனையே. ஆனால் இந்த ஏமாற்றம் கற்பனையன்று. பிறவியிலேயே உள்ள ஒரு குறையைப் படைத்தேர்வின் கடைசிப் படியில்தான் அறிந்து கொள்ள வேண்டுமா? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

நம் விழித்திரையில் கூம்பு வடிவான உயிரணுக்கள் மூவகையாக அமைந்து, நிறங்களைப் பகுத்தறிய உதவுகின்றன. இவற்றுள் ஒருவகை இல்லாமற் போனாலோ, மாறுபட்டு அமைந்தாலோ, சிவப்பும் பச்சையும் மயங்கித் தோன்றும். இதனை நிறக்குருடு என்பது வழக்கம். உண்மையில் குருடு ஏதும் இல்லை. பார்வையின் கூர்மையும் குறைவதில்லை. அதனால்தான் குறையுடையவர் பலர் தம் குறையையே அறியாது வளர்ந்துவிடுகின்றனர்.

புகழ்பெற்ற விஞ்ஞானி ஜான் டால்டனுக்கும் அவருடைய சகோதரருக்கும் இக்குறை இருந்தது. 1794ஆம் ஆண்டில் டால்டன் தம் பார்வையைப் பற்றித் தாமே ஒரு கட்டுரை படித்தார். தம் கண்ணினுள் உள்ள நீர்மம் நீல நிறமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. அது பிழை எனப் பின்னர்த் தெளிந்தது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவருடைய கண்ணின் திசுவை 1995ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, பச்சைக்குரிய உயிரணு வகையே அவருக்கு அமையவில்லை எனப் புலனாயிற்று.

இக்குறை பெரும்பாலும் தாய்வழியாக மகனுக்கு வருவது. தாய்க்குக் குறை தோன்றாது. தாய்வழிப் பாட்டனாருக்கோ தாய்மாமனுக்கோ இருக்கலாம். தந்தையிடமிருந்து மகனுக்கு இது இறங்குவதில்லை. பெண்களிடம் மிக அரிது. இதைக் கேட்டுத் தாயைக் குறை கூறுவது பேதைமை. தாய்மாமன் பழுத்த தக்காளியையும் காயையும் பிரித்தறியத் தடுமாறுகிறாரா என்று கவனித்து, மருமகனின் கண்ணைச் சோதித்துக் கொள்வதே அறிவுடைமை.

நிற்க, படைத்துறை இதில் ஏன் இத்துணைக் கண்டிப்புக் காட்டுகிறது? 1875ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் இரண்டு ரயில்கள் மோதிக் கொண்டன. நிறக் குறைபாடு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்ற ஹோம்கிரேன் என்ற அறிஞர், வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ரயில்வே ஊழியர்களின் கண்களைச் சோதிக்கலானார். இன்று நாம் காணும் புள்ளி ஏட்டை வகுத்தவர் ஜப்பானியப் படை மருத்துவராக இருந்த இஷிஹாரா. அது அச்சேறிய ஆண்டு 1917. இரவுக் கடலில் எதிர்வரும் கப்பலின் இடப்புறம் சிவப்பு விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் எரியும். அவற்றை மாற்றி உணர்ந்தால் விளைவு என்னவாகும்? அதிகாரியின் கண், அவரை நம்பி நிற்கும் வீரர்களின் உயிருக்குக் காவல். ஆதலின், ஏட்டின் எண்களை மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்று எவரேனும் யோசனை கூறினால், அதற்குச் செவி சாய்க்காதீர்கள்.

எனினும், குறை என்றவுடன் எல்லாக் கதவுகளும் அடைபடும் என்று எண்ணுவதும் தவறு. குறையில் பல படிகள் உண்டு. பிரிவுக்குப் பிரிவு விதியும் வேறுபடும். விமானமோட்டும் பிரிவு மிகச் சிறந்த நிறப் பார்வையைக் கோரும். தரைப்படைக்கோ, வெள்ளை, சிவப்பு, பச்சை ஆகிய அடையாள விளக்குகளை ஒன்றரை மீட்டர் தொலைவில் சரியாக இனங்காண வல்லவரை ஏற்கலாம் என்ற விதி பல ஆண்டு அறிவிக்கைகளில் இடம்பெற்றிருந்தது. விதிகள் மாறக்கூடியவை, ஆகவே, விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரி விடாது படிக்க வேண்டும். முதற் பரிசோதனையின் முடிவில் ஐயம் இருந்தால் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவை நாடவும் வழியுண்டு. பிறவிக் குறையைத் தீர்க்க இன்று வழக்கில் மருந்தில்லை. வண்ணக் கண்ணாடி சில வேறுபாடுகளை எடுத்துக் காட்டலாம்; இயல்பான பார்வையைத் தராது. குணப்படுத்துவோம் என்னும் விளம்பரங்களுக்குப் பணம் இறைக்க வேண்டா.

படைக்கு வெளியே வழி அகன்று வருகிறது. நிறக் குறையுடைய மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் இடமளிக்க 2017ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வகை செய்தது. புனே திரைப்படக் கல்லூரியின் கதவும் அவர்களுக்கு அடைக்கப்படலாகாது என்று 2022ஆம் ஆண்டில் அதே மன்றம் தீர்ப்பளித்தது.

பெற்றோரே, அக்காடமியில் சேரும் வயது பதினாறரையில் தொடங்குகிறது. 2022ஆம் ஆண்டு முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். மகனோ மகளோ அக்கனவைச் சொல்லும் நாளிலேயே, புத்தகம் வாங்குமுன், தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டிய சிறுவனைக் கவனக் குறைவென்று கடியாதீர்கள். அவன் கண்டதைத்தான் அவன் தீட்டினான். உண்மையை முன்கூட்டி அறிந்த பிள்ளை வேறு பாதையில் தலைநிமிர்ந்து நடப்பான். கடைசிப் படியில் அறிந்தவனோ, தோல்வி தன்னுடையதென்று எண்ணி மனம் ஒடிவான். அந்த வேதனையிலிருந்து அவனைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.