மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு?



நகரம் எங்கே வளரும் என்பதை நிலமே தீர்மானிக்கிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இந்த நினைவுச் சொற்பொழிவில் பேச விரும்புகிறேன்.

கே.ஜி.கண்டிகையிலிருந்தே தொடங்குவோம். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோடு மாறியது; தண்ணீர் ஓடும் திசை மாறவில்லை. கொசஸ்தலை ஆறு பள்ளிப்பட்டு வழியாக இறங்கிப் பூண்டி ஏரிக்குப் போகிறது. அது சென்னைக்குக் குடிநீர். ஆந்திரத்தில் அணை திறந்தால் இங்கே தரைப்பாலங்கள் மூழ்கும். அதே ஆறு கடலைத் தொடும் எண்ணூரில் அனல்மின் நிலையங்கள் நிற்கின்றன. மின்சாரம் எல்லோருக்கும், சாம்பல் மட்டும் கழிமுகத்து மக்களுக்கு.

அடுத்து, ரயில். தென்னிந்தியாவின் முதல் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் திறந்தது. இடையில் மலை இல்லை, சமவெளி வழிவிட்டது. அரக்கோணம் சந்திப்பானது. துறைமுகமும் ரயிலும் அருகிருக்கும் பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் எழுந்தன. நிலமற்ற தலித் மக்கள் கிராமங்களை விட்டு அங்கே போனார்கள். கூலி கிடைத்தது. குடியிருக்கக் கிடைத்தது புளியந்தோப்பின் பள்ளம். 1921 வேலைநிறுத்தக் கலவரத்தில் எரிந்தவை அவர்களுடைய குடிசைகள். ஆலை எங்கே என்பதை ரயில் சொன்னது. சேரி எங்கே என்பதைச் சாதி சொன்னது.

இன்றைக்கு? பெங்களூரு நெடுஞ்சாலையும் துறைமுகமும் எட்டும் தூரத்தில் இருப்பதால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குக் கார் ஆலைகள் வந்தன. நம் இளைஞர்கள் விடியுமுன் புறப்பட்டு ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போய்வருகிறார்கள். கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்தவர்கள் 'நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்கள்' என்ற பெயரோடு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில். அதே சதுப்பைச் சுற்றி எழுந்த கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பெயர் வளர்ச்சி. ஆற்றங்கரையில் ஏழை இருந்தால் குற்றம். சதுப்பில் முதலாளி கட்டினால் திட்டம்.

வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்களை வேலையிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் வைத்தால், பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் கூலியைத் தின்னும். பெண்கள்தான் முதலில் வேலையை இழப்பார்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வரைபடத்தை எடுங்கள். ஊர், சேரி, சுடுகாடு, குப்பைமேடு, மழைநீர் தேங்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். பள்ளத்தை இயற்கை உண்டாக்கியிருக்கலாம். அதில் நம்மைக் குடிவைத்தது இயற்கை அல்ல. ஆகவே வாழ்ந்த இடத்துக்கு அருகிலேயே மறுகுடியமர்வு என்பது சலுகை அல்ல, உரிமை. அந்த வரைபடத்தை ஆதாரமாகக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்போம்.

ஜெய்பீம்.