நல்ல எழுத்துக்கு அடிப்படை உழைப்பே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் உணர்ச்சி பொங்க அமர்ந்திருக்கும் நண்பர்களே, இந்த மார்கழிப் பனியையும் பொருட்படுத்தாமல் போர்வையோடு வந்திருக்கும் உத்தரகோசமங்கைப் பெருமக்களே, தாய்மார்களே!

மண் முந்தியா, மங்கை முந்தியா என்று கேட்கிற ஊர் இது. இந்த ஊரில் வந்து நின்றுகொண்டு, 'எழுத்துக்கு உணர்ச்சி இருந்தால் போதும், பயிற்சி எதற்கு?' என்று எங்கள் அருமைக் கவிஞர் கேட்டுவிட்டுப் போகிறார். கவிதை தானாகக் கொட்டுமாம். ஐயா, தானாகக் கொட்டுவது எங்க ஊரில் தேளுங்க! (சிரிப்பு)

இந்த ஊருக்கு ஒருவர் வந்தார். பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். மாணிக்கவாசகர். அவர் இங்கே பாடியது நீத்தல் விண்ணப்பம். என்னைக் கைவிட்டு விடாதே, விட்டுவிடாதே என்று இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். இரண்டு முனையிலும் நெருப்புப் பிடித்த கட்டை, நடுவிலே ஓர் எறும்பு. அந்தப் பக்கமும் போக முடியாது, இந்தப் பக்கமும் போக முடியாது. அந்த எறும்பு நான் என்கிறார். இதைவிட உணர்ச்சி எங்கே இருக்கிறது? இதை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அந்த அழுகையை அவர் எதில் அழுதார்? கட்டளைக் கலித்துறையில் அழுதார். தமிழ் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பரீட்சையில் எங்களை அழ வைத்ததும் அதுதான்! ஓர் அடியில் ஐந்து சீர். நேரசையில் தொடங்கினால் புள்ளி எழுத்தைத் தள்ளிவிட்டு 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது. இப்படி ஒரு பாட்டா, இரண்டு பாட்டா? 50 பாட்டு, 200 அடி. அதோடு விட்டாரா? அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். கைவிட்டுவிடாதே என்று கேட்கிறவர், தன் பாட்டில் ஒன்றைக்கூட இன்னொன்றின் கையை விடச் சம்மதிக்கவில்லை! (கைதட்டல்)

நெருப்புக்கு நடுவில் நின்ற எறும்பு எழுத்தெண்ணியிருக்கிறது, நடுவர் அவர்களே. எண்ணினாரா, எண்ணாமலே வந்ததா என்று கேட்பீர்கள். எண்ணாமல் வருகிற அளவுக்கு எத்தனை காலம் எண்ணியிருப்பார்? கண்ணை மூடிக்கொண்டு அம்மா முறுக்குச் சுற்றுகிறாள் என்றால், கண்ணைத் திறந்துகொண்டு சுற்றியது எத்தனை வருஷம்?

அடுத்து வந்த நாவலாசிரியர், கி.ராஜநாராயணன் அவர்களைச் சாட்சிக்கு அழைத்தார். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர், ஒதுங்கிய இடத்திலும் மழையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றவர், அவருக்கு என்ன பயிற்சி என்று கேட்டார். நல்ல சாட்சி. ஆனால் பாதி சாட்சியம்தான் சொன்னார்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். அந்தச் சின்னக் கிராமத்தில் 1923ஆம் வருஷம் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் கி.ரா., இன்னொருவர் கு.அழகிரிசாமி. உலகத்தில் எத்தனையோ பெரிய நகரங்களில் தேடினாலும் இப்படி ஒரு தெரு கிடைக்காது. இரண்டு பேரும் சாகித்ய அகாதமி பரிசு பெற்றவர்கள். அழகிரிசாமிக்கு 1970இல், அவர் மறைந்த வருஷம். கி.ரா.வுக்கு 1991இல், கோபல்லபுரத்து மக்களுக்காக. இந்த இரண்டு பேரும் என்ன செய்தார்கள்? பேசினார்கள். படித்ததைப் பேசினார்கள், சங்கீதத்தைப் பேசினார்கள். ஒருவர் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனதும் கடிதத்தில் பேசினார்கள். அந்தக் கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. கி.ரா. கதை எழுத ஆரம்பித்ததே முப்பது வயதுக்கு மேல்தான். அதுவரைக்கும் பள்ளிக்கூடமே இல்லை என்றா சொல்கிறீர்கள்? சிநேகிதன்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்!

அப்புறம் இன்னொன்று. 1982இல் கி.ரா. ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டு வந்தார். ஒரு சொல்லுக்காக ஒருத்தரைத் தேடிப் போய்க் கேட்கிறது, குறித்து வைக்கிறது, அடுக்குகிறது. அகராதி தானாகக் கொட்டுமா? எங்க கவிஞர் சொல்லட்டும்.

நம் இலக்கணக்காரர்களுக்கும் இது தெரியும். நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றம் சொன்னார். அதில் ஒன்று, கூறியது கூறல். (அதை மட்டும் கண்டிப்பாகப் பிடித்தால் பட்டிமன்றக்காரர்கள் பிழைப்பு போய்விடும். அதனால் மேலே போகிறேன்.)

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதை மேடையில் சொல்வதா என்று வரும்போது காரில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பல வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு மாணவன். பனையேறுகிற குடும்பம். அம்மா தவறிப்போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நோட்டைக் கொண்டு வந்து கொடுத்தான். அம்மாவைப் பற்றிக் கவிதை. படித்தேன், அழுதுவிட்டேன். 'தம்பி, இதில் ஒரு சொல்லையும் மாற்றாதே' என்றேன். அவனும் சந்தோஷமாகப் போனான்.

ரொம்ப நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். 'இப்ப என்னப்பா எழுதுற?' என்று கேட்டேன். 'அதோட சரிங்கய்யா' என்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். 'அந்தக் கவிதையை ரெண்டு மூணு எடத்துக்கு அனுப்பினேன், திரும்பி வந்துடுச்சு. எங்க சரியில்லன்னு எனக்குத் தெரியல. நீங்க அன்னைக்கு நாலு எடத்துல சுழிச்சுக் குடுத்திருந்தா நான் ஒக்காந்து திருத்தியிருப்பேன்யா.'

எனக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கியவன், யாப்பு நடத்துகிறவன், என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. அவன் துக்கத்துக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டேன். அவனிடம் உணர்ச்சிக்கா பஞ்சம்? அந்த நோட்டு முழுக்க அதுதான் இருந்தது. மூன்றாவது பாட்டிலேயே முடிந்துவிட்ட கவிதையை ஏழு பாட்டுக்கு இழுத்திருந்தான். எனக்கு அன்றைக்கே தெரியும். நான் சொல்லவில்லை.

அதனால்தான் நடுவர் அவர்களே, எதிரணிக் கவிஞர் இந்த மேடையில், 'பிள்ளைகளே, மனசில் வருவதை அப்படியே எழுதுங்கள்' என்று சொன்னபோது எல்லோரும் கைதட்டினீர்கள், என்னால் தட்ட முடியவில்லை. முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், கண்ணுகளா. சிவப்புப் பேனா கொண்டு வந்திருக்கிறேன்.

நல்ல தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.