பொது முற்றத்து மரம்

தில்லியின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் வாழும் நாம், கோடைப் புழுதிப்புயலின் வேகத்தை நன்கறிவோம். அப்போது முற்றத்து மரம் சாய்ந்தால் பொறுப்பு எவருடையது? நிலம் பொதுவாயின் பொறுப்பும் பொதுவே.

அடிமரத்தில் காளான், புதிதாய்க் கண்ட சாய்வு, வேரருகே மண்வெடிப்பு ஆகியன அபாயக் குறிகள். வேரைச் சுற்றிப் பூசிய சிமெண்டு நீரையும் காற்றையும் தடுத்து மரத்தை நலிவிக்கும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்கு அதனை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் பணித்தது.

1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மர அதிகாரியின் அனுமதியின்றி மரத்தை வெட்டலாகாது. உயிருக்கோ உடைமைக்கோ உடனடிப் பேராபத்து நேருமாயின், வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அவருக்கு அறிவித்தல் வேண்டும். அவ்விலக்கை நம்பி வாளாவிருத்தல் தகாது. புயலுக்கு முன்பே சங்கக் கூட்டத்தில் கலந்து முடிவுசெய்து, சங்கத்தின் பெயரால் விண்ணப்பிப்போமாக.