நெடுந்தீவுப் படகின் நேரம்
(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தீவகத்துப் பிள்ளைகளான எங்களுக்கு யாழ்ப்பாணப் பட்டணம் போவதென்றால் அது ஒரு திருவிழா. ஊர்காவற்றுறைப் பக்கத்தவர் வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி கடந்து பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் வருவோம். நயினாதீவு, நெடுந்தீவுத் தோழியர் குறிகட்டுவான் வரை படகில் வந்து, பிறகு பஸ் பிடித்து வருவார்கள். எல்லோரும் கூடும் இடம் பொது நூலக வாசல். வீட்டில் அனுமதி கேட்க, "நூலகத்துக்குப் போறம்" என்ற ஒரு சொல்லே போதும். அது பொய்யுமல்ல. காலையில் புத்தகம். மத்தியானத்துக்குப் பிறகுதான் பெரிய கடையில் வளையலும் றிபனும். கடைசியாக ஐஸ்கிறீம். காசு குறைந்தால் ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கரண்டி.

நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வேண்டும். கடைசிப் படகு தவறினால் அந்தப் பிள்ளை இரவுக்கு எங்கே போவாள்? ஆகவே அவளுடைய நேரமே எங்கள் எல்லோருடைய நேரம். றீகல் தியேட்டரில் படம் முடிய முன்னமே எழும்பி வந்திருக்கிறோம். ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

1981 மே 31 இரவு மூட்டிய தீயில் அந்த நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் எங்கள் தீவுச் சனங்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990இல் தீவகமே இடம்பெயர்ந்தது. எங்கள் வகுப்பும் கொழும்பு, இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று சிதறியது.

போன வருடம் எங்களில் ஒன்பது பேர் மீண்டும் ஒன்றாகப் பட்டணம் பார்த்தோம். திருத்திக் கட்டிய நூலகம் வெள்ளை வெளேரென்று நின்றது. முழங்கால் நோவுக்காரர் படிக்கட்டில் ஆறியிருக்க, மற்றவர்கள் காத்து நின்றோம். அன்று படகுக்காகப் பார்த்த நேரத்தை இன்று முழங்காலுக்காகப் பார்க்கிறோம்! வராதவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டோம்.

பிறகு கல்லூரிக்கு வந்து பிள்ளைகளோடு கதைத்தபோது, அவர்களிற் சிலர் அந்த நூலகத்துக்குள் ஒருநாளும் போனதில்லை என்று அறிந்தோம். கடலும் பஸ் காசும் இன்றும் குறுக்கே நிற்கின்றன.

எனவே சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாக ஒரு வேண்டுகோள். இனி ஊருக்கு வந்து தோழியரோடு பட்டணம் போகும் ஒவ்வொரு வகுப்பினரும் இன்றைய மாணவியர் பத்துப் பேரையும் கூட்டிச் செல்லுங்கள். நூலகத்தில் இரண்டு மணித்தியாலம் இருக்க விடுங்கள். ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுங்கள். நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தி வந்தால், திரும்பும் நேரத்தை அவளிடமே கேளுங்கள்.