ஏப்ரல் 14: மாடிப்படியைக் காலி செய்யும் நாள்

(நம் சங்கத்தின் சித்திரைத் திருநாள் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



கோலப்போட்டிப் பரிசு கொடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். எதைப் பற்றி என்றேன். "இன்றைய நாளைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் சார்" என்றார். காலையிலேயே மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டிருப்பீர்கள். அதில் வேப்பம்பூவும் கொஞ்சம் இருந்திருக்கும். என் பேச்சிலும் கொஞ்சம் கசப்பு இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று சித்திரை முதல் நாள். 1891-இல் அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளும் இதுதான். இந்த இரண்டும் நம் எல்லோருக்கும் தெரியும். இதே தேதிக்கு இன்னும் இரண்டு நினைவுகள் உண்டு. இரண்டுமே கப்பல் கதைகள்.

முதல் கப்பலைப் பற்றிப் படமே பார்த்திருக்கிறீர்கள். 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். உயிர்காக்கும் படகுகளில் இடம் இருந்தது 1,178 பேருக்கு. அத்தனை படகுகள் போதும் என்றுதான் அன்றைய சட்டமும் சொன்னது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 1914-இல், நாடுகள் லண்டனில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. கப்பலில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் படகில் இடம் இருக்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் விதியானது.

இரண்டாவது கப்பல் நம் நாட்டிலேயே நடந்த கதை. ஆனால் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் ஐந்து மாதம் முன்பு வரை தெரியாது.

1944, இரண்டாம் உலகப்போர் நேரம். 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, கராச்சி வழியாக பம்பாய் விக்டோரியா துறைமுகத்துக்கு வந்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. தங்கக்கட்டிகளும் இருந்தன. கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றினார்கள். வெடிமருந்தும் பஞ்சும் ஒரே கப்பலில். யோசித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 14 மதியம், இரண்டாவது சரக்கு அறையிலிருந்து புகை வருவதைக் கவனித்து எச்சரிக்கை கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற கப்பல்களில் இருந்த சிலர் அதற்கு முன்பே புகையைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் யாரும் குரல் கொடுக்கவில்லை. அந்தக் கப்பல்காரர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நமக்கும் பழக்கமான நினைப்புதான்.

தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். டன் கணக்கில் தண்ணீரைக் கப்பலுக்குள் பாய்ச்சினார்கள். பஞ்சு நெருப்பு உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், லேசில் அணையாது. தீயின் மூலம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பலைக் கடலுக்கு இழுத்துப் போவதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று ஒரு முடிவுக்கு யாரும் வரவில்லை. கடைசியில், நாலு மணிக்குச் சற்று முன்பு, எல்லோரும் கப்பலை விட்டு இறங்குங்கள் என்று உத்தரவு வந்தது. நாலு மணி தாண்டிச் சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்தில் இன்னொரு வெடிப்பு.

1,700 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சிம்லாவில் நில அதிர்வுக் கருவி அதைப் பதிவு செய்தது. சுமார் ஒரு மைல் தள்ளி ஒரு வீட்டின் மேல் தங்கக்கட்டி ஒன்று வந்து விழுந்தது. எரியும் பஞ்சுப் பொதிகள் ஊருக்குள் விழுந்து தெருத்தெருவாகத் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். தீயைக் கட்டுக்குள் கொண்டுவரவே மூன்று நாள் ஆனது. இடிபாடுகளை அகற்ற மாதக்கணக்கில் வேலை நடந்தது.

அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14-ஐ நாடு முழுவதும் தீயணைப்புத் துறை நினைவு நாளாக அனுசரிக்கிறது. தமிழில் 'தீத்தொண்டு நாள்' என்கிறார்கள். இன்று தொடங்கி 20-ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். நாம் இங்கே இலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பிடும் இதே நாளில், ஊரில் உள்ள தீயணைப்பு நிலையங்களில் மலர் வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அதுதான் நான் உங்களிடம் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

போன கார்த்திகையில் நம் சி பிளாக் மீட்டர் ரூமில் புகை வந்தது ஞாபகம் இருக்கும். இரவு பத்தரை மணி. மழை. கரண்ட் போய்விட்டது. லிஃப்ட் நின்றுவிட்டது. படிக்கட்டு வழியாகப் புகை மேலே ஏறியது. புகைக்குப் படிக்கட்டுதான் புகைபோக்கி. எங்கள் வீடு மூன்றாவது மாடி. என் அம்மாவுக்கு 83 வயது, முழங்கால் மடங்காது. எதிர்வீட்டுத் தம்பி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, மொபைல் வெளிச்சத்தில் அம்மாவை இறக்கினோம்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் கால் ஒன்றில் இடறியது. மூன்று பேரும் சுவரோடு சாய்ந்தோம். நல்லவேளை, விழவில்லை. இடறியது என்ன தெரியுமா? ஓர் உடற்பயிற்சி சைக்கிள். யாருடையது தெரியுமா? என்னுடையது. வீட்டில் இடத்தை அடைக்கிறது, ஒரு வாரம்தானே என்று நானே கொண்டுபோய் அங்கே வைத்தேன். ஒரு வாரம் என்று வைத்தது இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஹவுஸ் கீப்பிங் அம்மா அதைச் சுற்றித்தான் தினமும் பெருக்குவார். ஒருமுறை, "சார், இதை எடுத்திடலாமா?" என்று கேட்டார். "பார்க்கலாம்மா" என்றேன்.

கீழே வந்து சேர்ந்ததும் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "யாருடா அது, வழியில சைக்கிளை வெச்சது?" நான் பதில் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன். அம்மா முதல் வரிசையில் இருக்கிறார். திட்டுவதாக இருந்தால் வீட்டில் போய்த் திட்டிக்கொள்ளட்டும்.

அன்று வந்த தீயணைப்பு வீரர்கள் இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். மீட்டர் ரூமுக்குள் யாரோ வைத்திருந்த பழைய பெயின்ட் டப்பாக்களையும் அட்டைப்பெட்டிகளையும் வெளியே எடுத்துப் போட்டார்கள். கிளம்பும்போது அவர்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "சார், வண்டி உள்ளே வர ஆறு கார் எடுக்க வேண்டியிருந்தது. படிக்கட்டிலும் சாமான். நாங்க வர்றதுக்கு வழி விடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கிறோம்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் இவர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் போய் நின்ற இடம்தான் 1944 பம்பாய்.

இன்னும் இரண்டு தேதிகளை மட்டும் சொல்கிறேன்.

ஜூன் 13. 1997-இல் அன்று டெல்லி உபஹார் தியேட்டரில் மதியக் காட்சி. கீழே கார் நிறுத்தும் தளத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்தது. அதே டிரான்ஸ்ஃபார்மரில் அன்று காலையும் தீப்பிடித்து, அவசரமாகப் பழுது பார்த்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற கார்கள் பற்றிக்கொண்டன. புகை படிக்கட்டு வழியாக பால்கனிக்கு ஏறியது. விளக்கு அணைந்தது. கூடுதலாக நாற்காலி போட்டதில் பால்கனியின் ஒரு பக்கத்து வழி அடைபட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள், மூச்சுத் திணறி. தீ அவர்களைத் தொடக்கூட இல்லை.

ஜூலை 16. 2004-இல் அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளி. சமையல் கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள். நம்மில் யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரைகளை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது.

டைட்டானிக்குக்குப் பிறகு படகு வந்தது. கும்பகோணத்துக்குப் பிறகு கூரை போனது. பாதுகாப்பு விதி என்று நாம் சலித்துக்கொள்ளும் ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு தேதி இருக்கிறது. மாடிப்படியில் பொருள் வைக்கக்கூடாது என்பது செயலாளர் நம்மைத் தொல்லை செய்ய எழுதிய விதி இல்லை. அதற்கான விலையை வேறு யாரோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். நாம் செய்ய வேண்டியது பொருளை எடுப்பது மட்டும்தான்.

அதனால் என் வேண்டுகோள் இது. வருடா வருடம் ஏப்ரல் 14-க்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை, ஒரே ஒரு மணி நேரம், நம் குடியிருப்பை நாமே சுற்றிப் பார்ப்போம்.

ஒன்று, மாடிப்படியும் நடைவழியும். ஷூ ரேக், சைக்கிள், பூந்தொட்டி, பழைய பேப்பர் எதுவும் அங்கே வேண்டாம். செருப்பு ஸ்டாண்ட் வீட்டுக்குள் போகட்டும்.

இரண்டு, மொட்டை மாடிக் கதவு. பூட்டியிருந்தால் சாவி எங்கே இருக்கிறது என்று செக்யூரிட்டி அண்ணனுக்கும் ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தெரிய வேண்டும்.

மூன்று, மீட்டர் ரூம். அது ஸ்டோர் ரூம் இல்லை. வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து பார்க்கிங்கில் ஸ்கூட்டர் சார்ஜ் போடுவதையும் நிறுத்துவோம். முறையான பாயிண்ட் போடச் சங்கத்திடம் கேட்போம்.

நான்கு, தீயணைப்பான். சிவப்பு சிலிண்டரில் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா என்று பார்ப்போம். எப்படிப் பயன்படுத்துவது என்று எல்லோரும் ஒருமுறை கையில் எடுத்துப் பழகுவோம்: பின்னை இழுக்க வேண்டும், குழாயை நெருப்பின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடிக்க வேண்டும், கைப்பிடியை அழுத்தி இடமும் வலமுமாக வீச வேண்டும்.

ஐந்து, வண்டி வரும் வழி. கேட்டிலிருந்து கடைசி பிளாக் வரை ஒரு பெரிய வண்டி நுழையும் அளவுக்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். விருந்தாளி காராக இருந்தாலும் சரி.

ஆறு, ஒரு பட்டியல். படியிறங்க முடியாத பெரியவர்கள், தனியாக இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள். எந்த வீட்டுக்கு எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வருவார் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்வோம். அன்று எதிர்வீட்டுத் தம்பி வீட்டில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க முடியாது.

வீட்டுக்குள் நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள். தீ என்றால் 101 அல்லது 112. லிஃப்டில் ஏறாதீர்கள். புகை இருந்தால் குனிந்து, தரையோடு ஒட்டி நகருங்கள். புகையைப் பார்த்தால் வாட்ஸ்அப் குழுவில் "யார் வீட்டில் புகை?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் போன் செய்யுங்கள். பம்பாயில் பக்கத்துக் கப்பல்காரர்கள் செய்த தவறை நாம் செய்ய வேண்டாம்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. மெயின்டனன்ஸ் ஏறாது. அதனால் பொருளாளரும் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அந்த சைக்கிளை நேற்று பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டேன். 340 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தில் எதிர்வீட்டுத் தம்பிக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பம் இப்போது காலியாக இருக்கிறது. தயவுசெய்து அந்த இடத்தில் வேறு யாரும் எதையும் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள்.

பரிசளிப்புக்கு முன்னால் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். 66 பேருக்காக. அவர்களுக்குப் பின் இந்த வேலையில் உயிரை விட்ட மற்ற எல்லோருக்காகவும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு சி பிளாக் வாசலில் சந்திப்போம்.