நாரி நோ: படுத்திருந்த நாட்களும் நடந்த நாட்களும்



இன்றைக்கு நாரி நோவைப் பற்றிக் கதைக்கலாம் என்றிருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் பன்னிரண்டு வருடம் பெட்டி தூக்கியவன். அவ்வளவுதான் என் தகுதி.

2019 தை மாதம். இரவு வேலை முடித்து வந்து வாசலில் கிடந்த பனியை அள்ளும்போது நாரிக்குள் 'சடக்' என்றது. இரண்டு நாளில் நோ இடது காலுக்கு இறங்கியது. தொடையின் பின்பக்கத்தால் குதிக்கால், சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்தது போல. வாய்வாக்கும் என்று உள்ளியும் இஞ்சியும் அவித்துக் குடித்தேன். அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில், "நல்லெண்ணெய் பூசிக்கொண்டு அசையாமல் படு தம்பி" என்றா. மூன்று கிழமை படுத்தேன். படுக்கப் படுக்க மோசமானதுதான் மிச்சம்.

வேலைக்குத் திரும்பியபோது குனிய முடியவில்லை. எட்டு வயது மகன்தான் எனக்கு சொக்ஸ் போட்டுவிடுவான். பள்ளிக்கூட பஸ் போய்விடும் என்று அவன் அந்தரப்படுவான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியாது. வீட்டுக் கடன் இருக்கிறது, சொன்னால் வேலையை விட்டு நிற்பாட்டிவிடுவார்களோ என்று வேலைத்தலத்தில் நோவை மறைத்தேன். அது பெரிய பிழை. கடைசியில் சொன்னபோது பாரமில்லாத வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் கடைசி டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. டிஸ்க் என்பது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை. வெளியே நார் வளையம், உள்ளே களி. நார் கிழிந்தால் களி வெளியே தள்ளும். சத்திரசிகிச்சைதான் என்று நான் நடுங்கினேன். பிசியோதெரபிஸ்ட் சிரித்தார். பிதுங்கிய களியைப் பல பேருக்கு உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடும், பெரும்பாலானோருக்குக் கத்தி தேவையில்லை என்றார்.

முதல் பயிற்சி குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது. இதற்கு ஒரு கதை உண்டு. 1956இல் நியூசிலாந்தில் ரொபின் மக்கென்சி என்பவரிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். எழும்பியபோது கால் நோவைக் காணவில்லையாம். எல்லோருக்கும் இது சரிவராது. கால் நோ குறைந்து நாரியில் கூடினால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. நோ காலுக்குக் கீழே இன்னும் இறங்கினால் உடனே நிற்பாட்ட வேண்டும்.

அடுத்தது நடை. வெளியே ஐஸ் என்பதால் ஷொப்பிங் மோலுக்குள் நடந்தேன், முதலில் ஐந்து நிமிடம்தான். கடை திறக்க முன்னமே அங்கே நடக்கும் வயதானவர்கள் என்னை முந்திக்கொண்டு போவார்கள்!

ஆனி மாதம் நோ போய்விட்டது. நானும் பயிற்சியை விட்டேன். ஐப்பசியில் திரும்பி வந்தது, முன்னையதை விட உக்கிரமாக. அன்றிலிருந்து நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் இருபது நிமிடம். இப்போது கூடுதலாகச் செய்வது நான்கு காலில் நின்று, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டிப் பத்து விநாடி பிடிப்பது. எங்கள் ஒன்ராறியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் ஒன்று அது. எழும்பியவுடன் மட்டும் குனிய மாட்டேன். இரவில் டிஸ்க் தண்ணீரை இழுத்து ஊதியிருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சலம் போக முடியாவிட்டால் அல்லது தெரியாமல் போனால், தொடையிடுக்கு விறைத்தால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால் பயிற்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அந்த நேரமே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மகன் இப்போது என்னைவிட உயரம். சொக்ஸை நானே போடுகிறேன், கதிரையில் இருந்து காலை மற்ற முழங்காலில் தூக்கி வைத்து.