டிரான்ஸ்பார்மருக்குள் ஓர் இடி

செராஸ் வட்டாரத்தில் வேலியிட்டு, 'பஹாயா' என்ற அபாயப் பலகை மாட்டிய துணை மின் நிலையங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பெரியவற்றில் 132,000 வோல்ட் மின்சாரத்தை 33,000 அல்லது 11,000 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்கள் உண்டு. 1990-ஆம் ஆண்டுவரை தேசிய மின்சார வாரியமும், அதன்பின் தெனாகா நேஷனலும் இவற்றைப் பராமரித்து வந்துள்ளன. அருகில் நின்றால் ரீங்காரம் கேட்கும். அது நோயன்று. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது; உள்ளிருக்கும் இரும்பு அதற்கு இருமடங்காக, 100 முறை அதிர்கிறது. நாம் இன்று பேசப்போவது காதுக்கு எட்டாத வேறோர் ஒலி.

டிரான்ஸ்பார்மரின் செப்புச் சுருள்கள் காகிதம் சுற்றப்பட்டு எண்ணெயில் மூழ்கியிருக்கும். காகிதத்தில் ஈரம் புகுந்தாலோ, எங்கேனும் காற்றுக்குமிழ் தங்கினாலோ, அங்கே நுண்ணிய பொறி தெறிக்கும். இதைப் பகுதி மின்னிறக்கம் என்பர். ஒரு பொறியால் கேடில்லை. மாதக்கணக்கில் தெறித்தால் காகிதம் கரியாகி, காப்பு முறிந்து, பல்லாயிரம் லிட்டர் எண்ணெய் தீப்பற்றவும் கூடும். எண்ணெயில் கரைந்துள்ள ஹைட்ரஜன், அசெட்டிலின் வாயுக்களைச் சோதித்தால் உள்ளே கோளாறு உண்டென்று தெரியும். எந்த இடத்தில் என்று தெரியாது. இடம் தெரியாமல் திறப்பது, வயிற்றுவலிக்காரனை எங்கென்று பாராமல் அறுப்பது போன்றது.

இங்கேதான் ஒலி கைகொடுக்கிறது. மின்னலைக் கண்டபின் விநாடிகளை எண்ணி, இடி எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிட நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். (கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பாடத்துக்கு மின்னல் பஞ்சமே இல்லை!) முறை அதுவேதான். பொறியின் மின் துடிப்பு உடனே கருவிக்கு வந்துவிடும். ஒலியோ எண்ணெயில் விநாடிக்குச் சுமார் 1,400 மீட்டர் வேகத்தில் பின்தங்கி வரும். தாமதம் விநாடியில் 2,000-இல் ஒரு பங்கென்றால், பொறி 70 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஓர் உணரி தூரத்தை மட்டுமே சொல்லும். மூன்று உணரிகள் சொல்லும் தூரங்கள் ஒருங்கே பொருந்தும் இடந்தான் கோளாறு.

உணரியினுள் இருப்பது, அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான் வில்லை. இந்தப் பண்பைப் படிகங்களில் 1880-இல் கண்டறிந்தவர்கள் கியூரி சகோதரர்கள். கிரீஸ் தடவி, காந்தத்தால் தொட்டியின் வெளிச்சுவரில் அதை ஒட்டுவர். கிரீஸ் இல்லாவிட்டால் இடையிலுள்ள மெல்லிய காற்றே ஒலியை மறித்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. இரும்பில் ஒலியின் வேகம் எண்ணெயில் உள்ளதைப்போல் இருமடங்குக்கும் மேல். சுவரில் வேறோரிடத்தில் மோதிய ஒலி, இரும்பு வழியே ஓடி முந்திக்கொண்டு வந்து கணக்கைக் கெடுக்கும். ஆகவே உணரியை நகர்த்தி நகர்த்தி, ஒலி வலுத்தும் முந்தியும் வரும் இடத்தைத் தேடுவர். மழைத்துளி தொட்டியில் விழுந்தாலும் தொல்லைதான்.

சுருளின் ஆழத்தில் தெறிக்கும் பொறியின் ஒலி, காகித அடுக்குகளைக் கடக்குமுன் தேய்ந்துபோகும். அதனால் உணரிகள் மௌனமாயிருந்தாலும், வாயுவின் அளவு ஏறிக்கொண்டிருந்தால், பொறியாளர்கள் அந்த டிரான்ஸ்பார்மரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.